தமிழ்ப் பாடல் கோப்புகளில் குறிப்புத் தரவு

குறிப்புத் தரவு என்பது எண்ணிம ஒலிக்கோப்பு ஒன்றினுள் ஒலியுடன் சேர்த்துப் பதிந்து வைக்கப்படும் எழுத்துவடிவத் தகவல் ஆகும். பாடலின் தலைப்பு, பாடியவர், தொகுப்பின் பெயர், ஆண்டு முதலியன இதில் அடங்கும். எம்பி3 பிளேயர் என வழங்கப்படும் கையடக்கப் பாடல் இயக்கிகளும் செல்லிடத்துப்பேசிகளும் பாடல்களைத் திரையில் காட்டுவதும், பாடகர் வாரியாகவோ படம் வாரியாகவோ அடுக்குவதும் பெரும்பாலும் இத்தரவைக் கொண்டே. கோப்பின் பெயரை மாற்றினாலும் உள்ளே பதிந்த குறிப்பு மாறுவதில்லை. கோப்பைப் படியெடுத்தால் குறிப்பும் உடன் செல்லும். ஆகவே சரியான குறிப்பைப் போலவே பிழையான குறிப்பும் கைமாறிக் கைமாறிப் பரவுகின்றது.

இதற்கான வடிவம் மேற்கத்திய வெகுசன இசையை மனதிற் கொண்டு உருவானது. தமிழ்ப் பாடல் ஒன்றை அடையாளம் காட்டும் செய்திகளான படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், இராகம் ஆகியவற்றிற்கு அதில் தொடக்கத்தில் தனி இடம் இருக்கவில்லை. தமிழ் எழுத்துக்கும் இடம் இருக்கவில்லை.

வானொலி மரபு

திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு முதலிய சமவெளி ஊர்களிலும் கேட்கப்படும் வானொலிகளுள் முதன்மையானது கோடை பண்பலை. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையமான இது 100.5 மெகாகெர்ட்சு அலைவரிசையில் ஒலிபரப்பாகின்றது. 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த மலையூரிலிருந்து ஒலிபரப்பப்படுவதால் அண்டை மாவட்டங்களிலும் தெளிவாகக் கேட்கின்றது.

பாடலுக்கு முன்னர் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் ஆகிய விவரங்களைச் சொல்வது அகில இந்திய வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளிலும் இலங்கை வானொலியிலும் ஊறிப்போன வழக்கம். பாடலாசிரியர் பெயர்களைத் தமிழர் பலர் மனப்பாடமாக அறிந்திருப்பதற்கு இவ்வறிவிப்பே பெருங்காரணம் எனலாம். கோப்பாக மாறிய பாடலுக்கு அறிவிப்பாளர் இல்லை. அவர் சொல்லிவந்த நான்கு செய்திகளையும் குறிப்புத் தரவே சொல்லியாக வேண்டும்.

ஐடி3 வடிவமும் 30 பைட்டு எல்லையும்

எம்பி3 தரத்தில் ஒலியைச் சுருக்கும் முறை மட்டுமே வரையறுக்கப்பட்டிருந்தது. பாடலின் பெயரை எழுத இடம் விடப்படவில்லை. இக்குறையைப் போக்க 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளை ஒட்டும் முறையை உருவாக்கினார். இதுவே ஐடி3 எனப்படும் வடிவத்தின் முதற்பதிப்பு. இதில் அடையாளச் சொல்லுக்கு 3 பைட்டு, தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசை வகைக்கு 1 என இடம் பகுக்கப்பட்டது. குறிப்புரையிலிருந்து 2 பைட்டுகளை எடுத்துப் பாடலின் வரிசை எண்ணுக்குத் தரும் திருத்தம் 1997இல் வந்தது.

ஆங்கிலத்தில் 30 பைட்டு என்பது 30 எழுத்து. தமிழில் அவ்வாறன்று. எடுத்துக்காட்டாகத் 'திண்டுக்கல்' என்னும் சொல்லைக் கொள்ளலாம். தமிழ்க் கணக்கில் இது தி, ண், டு, க், க, ல் என 6 எழுத்து. ஒருங்குறியில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியெண் பெறுவதால் 11 குறியெண்கள் ஆகின்றன. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட்டு வேண்டும். ஆக மொத்தம் 33 பைட்டு. 30ஆவது பைட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து 'திண்டுக்கல' என நிற்கும். ஓர் ஊர்ப்பெயருக்கே இடம் போதாத பெட்டியில் 'திண்டுக்கல் ஐ. லியோனி' என்று பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரின் முழுப்பெயரை எழுத இயலாது என்பது வெளிப்படை.

இசை வகைக்கான ஒரு பைட்டில் எண் ஒன்று எழுதப்படும். தொடக்கப் பட்டியலில் 0 முதல் 79 வரை 80 வகைகள் இருந்தன. போல்காவுக்கும் குறும்புப் பதிவுகளுக்கும் அதில் இடம் இருந்தது. கருநாடக இசைக்கோ இந்திய இசை எதற்குமோ இல்லை. திரைப்பாடல்களை 24ஆம் எண்ணான 'திரையிசை' வகையில் சேர்ப்பதே அன்று இயன்றது. பட்டிமன்றப் பதிவுகளுக்குப் பொருந்தும் 'பேச்சு' வகை, வினாம்ப் மென்பொருள் நீட்டித்த பட்டியலில் 101ஆம் எண்ணாகப் பின்னர் சேர்ந்தது.

1998இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பு இவ்வெல்லைகளை நீக்கியது. இது கோப்பின் தொடக்கத்தில் அமைகின்றது. ஒவ்வொரு புலமும் வேண்டிய அளவு நீளலாம். இசையமைப்பாளர், பாடலாசிரியர், மொழி, பாடல் வரிகள், அட்டைப்படம் ஆகியவற்றுக்குத் தனிப்புலங்கள் உள்ளன. இசை வகையைச் சொல்லாகவே எழுதலாம். வானொலி அறிவிப்பின் நான்கு செய்திகளுக்கும் இடம் கிடைத்தது இப்பதிப்பில்தான். எனினும் பல காலம் வரை மலிவான இயக்கிகள் சில முதற்பதிப்பை மட்டுமே படித்தன.

குறியேற்றக் குழப்பம்

இரண்டாம் பதிப்பில் ஒவ்வோர் எழுத்துப் புலத்தின் முதல் பைட்டும் அதன் குறியேற்றத்தை அறிவிக்கின்றது. 0 என்றால் இலத்தீன்-1. 1 என்றால் ஒருங்குறியின் 16 பிட்டு வடிவம். 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 2.4 பதிப்பு 3 என்ற எண்ணால் யுடிஎஃப்-8 முறையையும் ஏற்றது.

ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் தமிழ்க் கணினிகளில் தகுதரம் எனப்பட்ட திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற டாம், டாப், இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு எனப் பல முறைகள் புழங்கின. இவை இலத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. இம்முறைகளில் தட்டெழுதிய குறிப்பு 0 என்ற அறிவிப்புடன், அதாவது 'இது இலத்தீன்' என்ற அறிவிப்புடனேயே, கோப்பில் ஏறியது. உரிய எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரிந்தது. இயக்கியின் சிறு திரையில் ஒட்டுக்குறி இட்ட இலத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தது.

இத்தகைய குறிப்புகள் அழிந்துவிட்டன என்று கருதிப் பலர் நீக்கிவிடுவதுண்டு. உண்மையில் அவை மீட்கத்தக்கவை. பழைய குறியேற்றம் எது என்று அறிந்தால் மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய முறைகளில் ெ, ே, ை ஆகிய குறிகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னர் நிற்கும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னர் நிற்கும். இவ்வரிசையை மாற்றாத கருவி எழுத்துகளைக் குலைத்துவிடும். அறவே மீட்க இயலாதவை கேள்விக்குறிகளாக மாறிய குறிப்புகளே. தமிழ் அறியாத மென்பொருள் ஒன்று ஒருங்குறி எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக்கிச் சேமித்த பின் மூல எழுத்து எங்கும் இல்லை.

விண்டோசு 7 வரையிலான விண்டோசு கோப்பு உலாவிகள் 2.4 பதிப்பைப் படிக்கவில்லை. அதனால் 2.3 பதிப்பும் 16 பிட்டு ஒருங்குறியும் சேர்ந்த இணையே பெரும்பாலான கருவிகளில் தமிழைப் பிழையின்றிக் கொண்டு செல்வதாக உள்ளது. எம்பி3டேக், கிட்3, ஈசிடேக், மியூசிக்பிரெயின்சு பிக்கார்டு முதலிய மென்பொருள்களில் குறிப்புகளைத் திருத்தலாம். இயக்கியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடில் திரையில் கட்டங்களே தோன்றும். அதற்காக மூலக் குறிப்பை இலத்தீனுக்கு மாற்றுவது தேவையற்ற இழப்பு. கணினியில் தமிழ்க் குறிப்புடன் ஒரு படியை வைத்துக்கொண்டு இயக்கிக்குச் செல்லும் படியில் மட்டும் இலத்தீன் எழுத்தைப் பயன்படுத்தலாம்.

பெயர்களும் அகர வரிசையும்

தமிழ்ப் பெயரை இலத்தீனில் எழுதும்போது வடிவங்கள் பெருகுகின்றன. இளையராஜாவின் பெயரில் 'ள' ஒற்றை எழுத்தாகவும் இரட்டை எழுத்தாகவும், 'ரா' குறிலாகவும் நெடிலாகவும் எழுதப்படுவதால் ஒரே இசையமைப்பாளர் இயக்கியின் பட்டியலில் மூவராகவோ நால்வராகவோ தோன்றுகின்றார். திண்டுக்கல் என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் 'டி' ஒலியுடனும் தமிழ் ஒலிப்பை ஒட்டித் 'தி' எனவும் எழுதப்படுவதால் அவ்வூர்ப் பெயரை முன்னே கொண்ட பேச்சாளரின் பதிவுகள் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும்.

தமிழ் எழுத்தில் எழுதினால் இச்சிக்கல் குறையும், வேறொன்று முளைக்கும். ஆங்கில முதலெழுத்துகளுள் எல், எம், என், எஸ் ஆகியவை தமிழில் 'எ' என்றே தொடங்குகின்றன. எல். ஆர். ஈஸ்வரி, எம். எஸ். விஸ்வநாதன், எஸ். ஜானகி, எஸ். பி. பாலசுப்பிரமணியம் அனைவரும் ஒரே எழுத்தின் கீழ் வந்து குவிகின்றனர். இதற்கெனவே 2.4 பதிப்பில் வரிசைப்படுத்தும் பெயருக்குத் தனிப்புலம் உள்ளது. அதில் 'ஜானகி, எஸ்.' என எழுதினால் திரையில் பெயர் வழமைபோலத் தோன்றும். வரிசையில் இயற்பெயரின் இடத்தில் நிற்கும். குறியெண் வரிசைப்படி அடுக்கும் கருவிகளில் 'ஜ' என்பது 'ச'வுக்கு அடுத்தும், 'ன' என்பது 'ப'வுக்கு முன்னரும் வரும். நெடுங்கணக்கு வரிசையை எதிர்பார்ப்பவர் தேடும் பெயர் இல்லை என்று எண்ணிவிட இடமுண்டு.

திரைப்பாடல்கள்

தமிழ்த் திரைப்பாடலுக்குத் தொகுப்பு என்பது படமே. 'கண்ணதாசன் பாடல்கள்', 'காதல் பாடல்கள்' என விற்கப்பட்ட எம்பி3 குறுவட்டுகளில் தொகுப்புப் புலத்தில் வட்டின் பெயரே இருப்பதுண்டு. அப்போது படம் எது என்ற செய்தி மறைந்துவிடுகின்றது. 700 மெகாபைட்டு வட்டு ஒன்றில், நொடிக்கு 128 கிலோபிட்டு வீதத்தில், 5 நிமிடப் பாடல்கள் ஏறத்தாழ 145 அடங்கும். அத்தனையும் ஒரே தொகுப்பின் பெயரில் இருந்தால் இயக்கியில் பிரித்துக் காண வழியில்லை.

ஆண்டும் இன்றியமையாதது. 'ஆயிரத்தில் ஒருவன்' என்ற பெயரில் 1965இல் வெளிவந்த படத்திற்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணையும் 2010இல் வெளிவந்த படத்திற்கு ஜி. வி. பிரகாஷ் குமாரும் இசையமைத்தனர். 'பில்லா' 1980இல் எம். எஸ். விஸ்வநாதன் இசையிலும் 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையிலும் வந்தது. ஆண்டு இல்லையேல் இயக்கி இரு படப் பாடல்களையும் ஒரே தொகுப்பாக்கிவிடும். தொகுப்பின் பெயரிலேயே 'பில்லா (1980)' என ஆண்டைச் சேர்த்து எழுதுவது எளிய தீர்வு.

இதற்கு மாறான சிக்கலும் உண்டு. 'ரோஜா' (1992) போன்ற படங்களில் பாடல்தோறும் பாடகர் வேறுபடுவதால் ஒரே படம் பல தொகுப்புகளாகச் சிதறுகின்றது. 'தொகுப்புக் கலைஞர்' என்ற புலத்தில் எல்லாப் பாடல்களுக்கும் ஏ. ஆர். ரகுமான் என இசையமைப்பாளரின் பெயரை இட்டால் அவை ஒன்றுசேரும். பாடியவர் புலத்தில் இசையமைப்பாளரை எழுதுவது பரவலான வழக்கமாயினும் ஏற்கத்தக்கதன்று; பாடகரின் பெயர் அங்கு அழிந்தால் வேறெங்கும் இராது.

கருநாடக இசை

கருநாடக இசைப் பதிவில் இயற்றியவரும் பாடியவரும் வேறாவர். தியாகராசரின் (1767-1847) கீர்த்தனை ஒன்றைப் பலர் பாடியிருப்பர். ஒருவரே பல கச்சேரிகளில் பாடியிருப்பர். இராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர் ஆகிய செய்திகள் இன்றி அப்பதிவுகளை வேறுபடுத்த இயலாது. ஐடி3இல் இராகத்துக்குத் தனிப்புலம் இல்லை. பயனர் பெயரிட்டு ஆக்கும் புலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் சிறு இயக்கிகள் அதைக் காட்டுவதில்லை. எனவே தலைப்பிலேயே 'கீர்த்தனை - இராகம் - தாளம்' என்று எழுதும் வழக்கம் நிலைத்தது. பிளாக், ஆக் வோர்பிசு கோப்புகளில் குறிப்புகள் தொடக்கம் முதலே யுடிஎஃப்-8 முறையில் அமைந்தவை. புலப்பெயரையும் விரும்பியவாறு இடலாம்.

ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பின் வரிசை எண் கட்டாயம் தேவை. அகர வரிசையில் ஒலிக்கும் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பாடலுக்கு முன்னர் வந்து நிற்கக்கூடும்.

இயக்கியில் அடுக்குதல்

மலிவான இயக்கிகளும் நினைவட்டை செருகும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் பெரும்பாலும் குறிப்புத் தரவையோ அகர வரிசையையோ பாராமல், ஃபேட்32 அட்டவணையில் கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே பாடுகின்றன. படத்துக்கு ஒரு கோப்புறை அமைத்து, கோப்புப் பெயரின் முன் 01, 02 என எண் இட்டு, அவ்வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் படியெடுத்தால் இக்கருவிகளிலும் ஒழுங்கு கிடைக்கும். '1' என்று மட்டும் எழுதினால், எழுத்து வரிசையில் அடுக்கும் கருவிகளில் 10ஆம் பாடல் 2ஆம் பாடலுக்கு முன் வரும்.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 57ஆம் பிரிவு, படைப்பாளி தன்னைப் படைப்பாளி எனக் கூறிக்கொள்ளும் உரிமையைக் காக்கின்றது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கும் ஒத்த உரிமையை அளித்தது. அதே திருத்தம் சேர்த்த 65பி பிரிவின்படி, படைப்பின் தலைப்பு, படைப்பாளி அல்லது நிகழ்த்துநர் பெயர் முதலியவற்றைக் கொண்ட 'உரிமை மேலாண்மைத் தகவலை' உரிமையின்றித் தெரிந்தே நீக்குவதோ மாற்றுவதோ 2 ஆண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கத்தக்க குற்றம். உரிமையாளர் பாடற்கோப்பில் பதிந்து வெளியிடும் பெயர்க் குறிப்புகளும் இவ்வரையறையின் சொற்களுக்குள் அடங்குவனவே. பாடலாசிரியர் பெயரை அழித்துத் தம் கடையின் பெயரையோ இணையத்தளத்தின் பெயரையோ பதிந்து கோப்புகளைப் பரப்பும் வழக்கத்தை இப்பிரிவுடன் சேர்த்து நோக்க வேண்டும்.