ஜெர்மனியில் மாணவர் மருத்துவக் காப்பீடு

ஜெர்மனியப் பல்கலைக்கழகங்களை நாடிச் செல்லும் நம் இளைஞர்க்கு, மருத்துவக் காப்பீடின்றி அங்குப் பதிவு நிறைவுறாது. ஆயின், எது மலிவானது என்று கணிப்பதில் பலர் அவசரப்படுகின்றனர் என்பதே நம் கவலை.

1883-இல் பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர்க்கென எழுந்த பொதுக் காப்பீடு, 1975-இல் மாணவர்க்கும் உரியதாயிற்று. முப்பது வயது நிறையும் பருவம் வரை மாணவர்க்குக் குறைந்த சந்தாவே விதிக்கப்படுகிறது. நோய் வந்துற்றது என்பதால் சந்தா உயர்வதில்லை. வருவாயற்ற மனைவியும் மக்களும் அங்கு உடன் வாழ்ந்தால், கூடுதல் கட்டணமின்றியே அதில் அடங்குவர். இலாப நோக்கற்ற இக்கூட்டுப் பொறுப்பு, தகாஃபுல் முறையை அறிந்தோர்க்கு முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

தனியார் காப்பீடு முதற்பார்வைக்கு இதனினும் மலிவாய்த் தெரியும். அதனை விரும்புவோர் காப்பீட்டுக் கடமை தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் பொதுக் காப்பீட்டினின்று விலக்குக் கோரலாம். இங்கேதான் இடர் உள்ளது. ஒருமுறை பெற்ற விலக்கைத் திரும்பப் பெற இயலாது. படிப்புக் காலம் முழுவதும் அது நீடிக்கும். இரண்டாம் ஆண்டில் நீரிழிவு கண்டவரும் மாணவர் என்ற நிலையில் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழியில்லை. சில யூரோக்களை மிச்சப்படுத்த எண்ணி ஒப்பமிடுவோர் இதனை அறிந்தே ஒப்பமிடுகின்றனரா என்பது நமக்கு ஐயமே.

மொழிப் பயிற்சிக்கு மட்டும் செல்வோர்க்கு மாணவர் சந்தா கிட்டாது. அவர்க்குத் தனியார் காப்பீடே வழி. பட்டப்படிப்பில் சேர்ந்ததும் அவர்கள் பொதுக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். முப்பதைக் கடந்தோர்க்கும் மாணவர் சந்தா பெரும்பாலும் இல்லை. அவர்கள் புறப்படுமுன்பே, முன்னர் இருந்த நோயும் மகப்பேறும் தனியார் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டுள்ளனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.