வேர்த்தால் சளி பிடிக்குமா?

“ஆடினது போதும், உள்ளே வா. வேர்வை உடம்பிலேயே காய்ஞ்சா சளி பிடிச்சுக்கும்!”

மாலை ஆறு மணிக்கு நம் தெருக்களில் இன்றும் கேட்கும் குரல் இது. என் அம்மா என்னிடம் சொன்னார். நான் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் தவறு. சளியைக் கொண்டுவருவது வைரஸ், வேர்வை அல்ல. பிள்ளை ஓடியாடும் அந்த நேரத்தில் அதன் ரத்தத்துக்குள் நடப்பது, வைரஸை எதிர்க்கும் ஆயத்தம்.

ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது. மண்ணீரலிலும் நுரையீரலிலும் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் ஒட்டிக்கிடந்த வெள்ளை அணுக்கள் பெயர்ந்து ரத்தத்தில் கலக்கின்றன. பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெருகியிருந்ததை 1902-லேயே ஒரு மருத்துவர் பதிவு செய்தார். இவற்றில் மளமளவென்று கூடுபவை ‘இயற்கைக் கொல்லி’ செல்கள். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்பிடித்து அழிப்பது இவற்றின் வேலை.

ஆட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை வழக்கத்தைவிடவும் கீழே இறங்கிவிடும். இதைப் பார்த்துத்தான், கடுமையாக உழைத்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2018-ல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேம்ப்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் இதை மறுத்தார்கள். அந்த அணுக்கள் அழிந்துபோகவில்லை. கிருமி நுழையக்கூடிய நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குப் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஸ்டேஷனில் போலீஸ் குறைவாக இருந்தால், ஊருக்குள் ரோந்து போயிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

குழந்தைகளின் உடம்பு இதில் பெரியவர்களின் உடம்பைப் போல நடந்துகொள்வதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரையன் டிம்மன்ஸ் குழுவினர் சிறுவர்களையும் ஆண்களையும் சைக்கிள் மிதிக்கவைத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுவர்களிடம் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது. பழைய நிலைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். பருவ வயதைத் தாண்டும்போது இது பெரியவர்களின் போக்குக்கு மாறுகிறது.

உடல் பருமனான பிள்ளைகளுக்கு ஓடியாடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. மிகுதியான கொழுப்பு, உடம்புக்குள் ஓயாத மெல்லிய அழற்சியை வளர்க்கிறது. வேலை செய்யும் தசையோ அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. எந்த டானிக்கும் இதைச் செய்வதில்லை.

அளவு மீறினால்? 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடியவர்களில் 12.9 சதவீதத்தினர் அடுத்த வாரத்தில் சளி, இருமல் போன்ற தொல்லைகளைச் சொன்னார்கள். அதே அளவு பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். அவர்கள் பெரியவர்கள். ஆனாலும் எனக்குக் கவலை, மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். விடியற்காலை ஐந்துக்கு மைதானம், பிறகு பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி, இரவு டியூஷன். காலைச் சாப்பாடு பாதி நாள் கிடையாது; தூக்கம் ஆறு மணி நேரம். அடிக்கடி சளி, ஆறாத வாய்ப்புண், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது... இவற்றைப் பார்த்தால் பயிற்சியாளர் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், வீட்டில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கூட்ட வேண்டும். காய்ச்சல் இருந்தால் மைதானமே வேண்டாம். சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கும். அந்த நேரத்தில் ஓடுவது உயிருக்கே ஆபத்து.

ஆனால் நம் வீடுகளில் மிகப் பெரும்பாலான பிள்ளைகளின் பிரச்சினை அளவு மீறுவது அல்ல, அசையாமல் இருப்பது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை என்பது அதன் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பி.இ.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. மதிப்பெண் வரட்டும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் அட்டையை வாங்கும்போது, இந்த மாதம் எத்தனை நாள் பிள்ளைகளை மைதானத்தில் விட்டீர்கள் என்றும் கேளுங்கள்.