கூடை முடைய நெருப்பு வேண்டும்!

கூடை முடைய என்ன வேண்டும்? மூங்கில், ஓலை, பிரம்பு என்பீர்கள். அமெரிக்காவில், வட கலிபோர்னியாவின் கிளாமத் நதிப் பள்ளத்தாக்கில் வாழும் யூரோக், காருக் பழங்குடிப் பெண்களைக் கேட்டால், முதலில் நெருப்பு வேண்டும் என்பார்கள்!

விஷயம் இதுதான். ஹேசல் என்ற புதர்ச்செடியின் குச்சிகளைக் கொண்டே அவர்கள் கூடை முடைகிறார்கள். சும்மா விட்டால் செடி கோணலும் கிளையுமாகிவிடும். அளவாகக் கொளுத்தினால், வேரிலிருந்து நெடுநெடுவென்று நேரான குச்சிகள் கிளம்பும். அவற்றை ஒடித்துப் பட்டை உரித்தால் குழந்தைத் தொட்டில் கூடை முதல் சமையல் கூடை வரை தயார். ஆமாம், சமையலுக்குத்தான்! நீர் ஒழுகாத கூடையில் ஓக் மரத்துக் கொட்டை மாவைக் கரைத்து, பழுக்கச் சுட்ட கல்லைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக நிற்கும் நம் பெண்மணிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும்.

அந்த நெருப்பில் கொட்டையைத் துளைக்கும் வண்டும் ஒழியும். சருகு குவிந்து பெருந்தீ மூளுவதும் குறையும். புகை வெயிலை மறைத்து ஆற்றுநீரைக் குளிரச் செய்யும், அது சால்மன் மீனுக்குச் சுகம் என்பது அங்குள்ள பெரியவர்களின் சொல். புகை நீரைக் குளிர்விப்பதை விஞ்ஞானிகளும் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தங்கம் தேடி வந்த வெள்ளைக்காரர்களுக்கு இது புரியவில்லை. 1850-லேயே புல்வெளிக்குத் தீ வைப்பது கலிபோர்னியாவில் குற்றமாயிற்று. பிறகு சர்க்கார் வனத்துறையும் நெருப்பைக் கண்டால் அணை என்றது. காடு புதர் மண்டியது. கூடைக்குக் குச்சி கிடைப்பது அரிதாயிற்று. ஆற்றிலோ 1918 முதல் 1960-கள் வரை மின்சாரத்துக்காக நான்கு அணைகள் எழும்பின. முட்டையிட மேலே ஏறும் மீனுக்கு வழி அடைபட்டது. 2002 செப்டம்பரில் நீர் குறைந்து, சூடேறி, நோய் பரவி, 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. மீனையே நம்பிய ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 2004-ல், அணைகளுக்குச் சொந்தமான கம்பெனியின் முதலாளிகளைத் தேடி ஸ்காட்லாந்துக்கே போய் நியாயம் கேட்டார்கள். வழக்கு, மனு, பேச்சுவார்த்தை என்று இருபது வருஷம் ஓடிற்று. 2024-ல் நான்காவது அணையும் போயிற்று. நீர் வற்றிய சேற்றில் நாட்டுச் செடிகளின் விதைகளைக் கோடி கோடியாகத் தூவினார்கள். அதே அக்டோபரில், நூறு வருஷத்துக்கு மேல் எட்டிப் பார்க்காத சால்மன், ஆரிகன் மாகாணத்து ஓடைக்கு வந்து சேர்ந்தது! 2025-க்குள் ப்ளூ க்ரீக் ஓடையை ஒட்டிய சுமார் 47,000 ஏக்கர் நிலமும் யூரோக் மக்களிடம் திரும்பிற்று.

நெருப்புக்கும் இப்போது அனுமதி உண்டு. தீ அணைந்து, புதுக் குச்சி வளர்ந்த பிறகு, வசந்தத்தில் பெண்கள் குச்சி ஒடிக்கக் காட்டுக்குள் போகிறார்கள்.