தேதியிட்ட வேப்பம்பூ

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தையும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களையும் வெளியுலகம் பட்டாசுத் தொழிலாலேயே அறிந்திருக்கிறது. அத்தொழில் இங்கு வேரூன்றத் துணைநின்ற குறைந்த மழையும் வறண்ட காற்றுமே, வேம்பு எப்போது பூக்கும், கண்மாயில் நீர் எத்தனை நாள் நிற்கும், அந்நீரை நாடி எந்தப் பறவை வரும் என்பவற்றையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. தளிர்த்தல், பூத்தல், வலசை வருதல் போன்ற உயிர் நிகழ்வுகள் ஆண்டுதோறும் எந்நாளில் நேர்கின்றன என்பதைத் தட்பவெப்பத்தோடு சேர்த்து ஆராயும் துறை பருவ நிகழ்வியல் எனப்படுகிறது.

இத்துறையின் அடிப்படை வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் முதல் பூ, முதல் இலை, முதலில் வந்த தகைவிலான் ஆகியவற்றின் நாள்களைக் குறிக்கத் தொடங்க, அவர் வழிவந்தோர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். எழுதியவர்கள் எண்ணியும் பார்த்திராத பருவநிலை மாற்றத்துக்கு இன்று அக்குறிப்புகள் சான்றாகின்றன. இந்தியாவில் 2010-இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து அதன் தளிர், பூ, காய் நிலையைப் பதிவு செய்கின்றனர். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அளித்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அங்கு கணக்கெடுக்க வனத்துறையும் ஆய்வாளர்களும் உள்ளனர். கரிசலின் கண்மாய்களுக்கோ அந்தந்த ஊர் மக்களே சாட்சி. அவர்களது அறிவு ஆழமானது. ஆயினும் நினைவு, பெருமழை ஆண்டையும் பஞ்ச ஆண்டையும் இறுகப் பற்றிக்கொண்டு இடைப்பட்ட சாதாரண ஆண்டுகளை நழுவவிடுகிறது. மாற்றத்தை அளப்பதற்கு வேண்டியவையோ அந்தச் சாதாரண ஆண்டுகளே. அதனால்தான் நாளும் இடமும் பார்த்த நேரமும் எழுதப்பட வேண்டும். முழுமையாகத் தேடிப் பார்த்தபின், கண்மாயில் ஒரு பறவையும் இல்லை என்று எழுதுவதும் மதிப்புள்ள பதிவே. அதனை விட்டுவிட்டால் பின்னாளில் இனம் குறைந்ததா, பார்ப்பவர் குறைந்தனரா என்று பிரித்தறிய வழியிருக்காது.

2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்தவற்றைப் பட்டியலிட்டால் போதும். கரிசல் ஊர்ப் பள்ளிகள் அப்போது தம் கண்மாய்க் கரைக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். வரும் பங்குனியில் பள்ளி வளாகத்து வேம்பு முதலில் பூக்கும் நாளையும் ஒரு நோட்டில் குறித்து, அந்த நோட்டை அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைக்க வேண்டும்.