மலிவுவிலை மறுபாடல் பதிவுகள்: சேகரிப்பும் சான்றும்

புகழ்பெற்ற பாடலை வேறொருவரைப் பாடச்செய்து குறைந்த விலையில் விற்கும் ஒலிப்பதிவே மறுபாடல் பதிவு. பிரிட்டனில் 1954 முதல் 1965 வரை ஊல்வொர்த் கடைகளில் விற்கப்பட்ட எம்பசி இசைத்தட்டுகள், தொடக்ககால ராக் அண்ட் ரோல் பாடல்களையும் இவ்வாறு பரப்பின. இந்தியாவில் 1980களில் ஒலிநாடா பெருகியபோது, டி-சீரிஸ் நிறுவனம் பழைய இந்தித் திரைப்பாடல்களைப் புதிய குரல்களில் மலிவாக வெளியிட்டது. உரிமைத்தொகை செலுத்தி அவ்வாறு பதிவுசெய்வதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளித்தது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை இறுக்கியது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுபாடல் பதிவு செய்யலாம். மறுபாடல் என்பதை உறையில் அறிவிக்கவேண்டும். முந்தைய பாடகரின் பெயரையோ உருவத்தையோ உறையில் இடலாகாது.

இவ்விதிக்கு முற்பட்ட ஒலிநாடாக்களைச் சேகரிப்போர் உறையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். பெரிய எழுத்திலுள்ள பாடலின் பெயரைவிடச் சிறிய எழுத்திலுள்ள பாடகர் பெயரே முதன்மையானது. உறையை நீக்கி ஒலியை மட்டும் எண்ணிமமாக்கினால், பாடியவரின் உழைப்பு முதற்பாடகரின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே மறுபாடலைப் போலியென ஒதுக்காது, தனிப்பதிவாகவே அட்டவணைப்படுத்துதல் தகும்.