மூக்கு சொல்லும் கணக்கு

காற்றிலுள்ள வாயுக்களைப் பிரித்து அளக்கக் கருவிகள் உண்டு. துர்நாற்றம் என்று வந்துவிட்டால் அந்தக் கருவிகளை மட்டும் நம்பி ஒரு புகாரைத் தீர்க்க முடியாது. மனித மூக்கையே சட்டம் ஏற்கும் அளவுகோலாக வைப்பதுதான் முறை என்பது என் வாதம். ஜப்பான் இந்த முடிவுக்கு வரக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1971-இல் அங்கே துர்நாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளிட்ட ஐந்து வாயுக்களுக்கு முதலில் வரம்பு வைத்தார்கள். பட்டியல் பின்னர் 22 வரை நீண்டது. அப்படியும் உணவகப் புகைபோக்கிகளிலிருந்து வரும் கலவையான வாடையைப் பட்டியலால் பிடிக்க முடியவில்லை. 1995-இல் சட்டத்தைத் திருத்தி, மூக்கால் கணிக்கும் 'நாற்றக் குறியீட்டெண்'ணையும் வரம்பாக வைக்க வழி திறந்தார்கள்.

கருவி ஏன் தவறவிடுகிறது? அம்மோனியாவின் வாடை தெரிய, காற்றில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்காவது அது இருக்க வேண்டும். அழுகிய மீனின் வீச்சத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனோ லட்சம் கோடியில் 32 பங்கு இருந்தாலே போதும். ஏறத்தாழ 47 ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 223 சேர்மங்களை இப்படி மூக்கை வைத்தே அளந்திருக்கிறார்கள். ஆகவே காற்றில் அதிகமாக இருக்கும் வாயுதான் நாற்றத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; கருவியில் சிக்காத சொற்பமே தெருவை நாறடிக்கும். போதாததற்கு, குப்பைக் கிடங்கிலிருந்து வருவது ஒரே வாயு அல்ல, பல சேர்மங்களின் கலவை. ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் அடங்கியிருக்க, எல்லாம் சேர்ந்து குடலைப் புரட்டும். "கருவியில் எதுவும் பதிவாகவில்லை" என்று அங்கே குடியிருப்பவர்களிடம் சொல்வது அவர்களைப் பொய்யர்களாக்கும் செயல்.

ஆளுக்கு ஆள் மூக்கு மாறுமே, அதை எப்படி நம்புவது என்று ஆலைத் தரப்பு கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் ஜப்பானியச் சோதனை முறைக்குள்ளேயே இருக்கிறது. குழுவில் ஆறு பேராவது இருப்பார்கள். முதலில் அவர்கள் மூக்குக்கே பரீட்சை: ஐந்து காகிதப் பட்டைகளில் மணம் தோய்ந்த இரண்டைப் பிரித்தறியாதவருக்கு இடமில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் 3 லிட்டர் கொள்ளும் மூன்று பைகள். மூன்றிலும் வாடையற்ற காற்று. ஒன்றில் மட்டும் ஆலையில் பிடித்துவந்த காற்றை ஊசிக்குழாயால் கொஞ்சம் செலுத்தியிருப்பார்கள். எது அந்தப் பை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த சுற்றில் இன்னும் மூன்று மடங்கு நீர்த்த காற்று. தவறும் வரை இப்படியே. எத்தனை மடங்கு நீர்த்தபோது மூக்கு தோற்றது என்பதே கணக்கு. மிகக் கூரிய மூக்கின் விடையையும் மிக மந்தமான மூக்கின் விடையையும் தள்ளிவிட்டு, மற்றவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். ஆலைமேல் எவ்வளவு கோபமிருந்தாலும் இங்கே மிகைப்படுத்த முடியாது, சரியான பையைக் காட்டியாக வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 13725 தரமுறை இன்னும் கறார்: பியூட்டனால் வாடையை நூறு கோடியில் 20 முதல் 80 பங்குக்குள் கண்டுபிடிப்பவரை மட்டுமே சேர்க்கும். அதைவிடக் கூரிய மூக்குக்காரரும் அங்கே வேண்டாதவரே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: மூக்குக்கு ஆபத்து தெரியாது. உண்மை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடோ முதலில் அழுகிய முட்டையாக நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நம் ஊர்களில் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர்கள் பலரைக் கொன்றது இந்த வாயு. உயிருக்குக் கேடா என்று பார்க்கக் கருவிதான் வேண்டும். அங்கே மூக்கை நம்பவே கூடாது. ஆனால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை என்பதும் கேடுதான். அதற்குக் கருவியிடம் விடை இல்லை.

ஆய்வகப் பை சொல்லாத ஒன்றும் இருக்கிறது: நாற்றம் எவ்வளவு நேரம் வீசுகிறது என்பது. அதிகாரி வரும் நாளில் காற்று திசைமாறியிருக்கும். அல்லது கொஞ்ச நேரம் நின்றதிலேயே அவர் மூக்கு பழகிப்போயிருக்கும். ஜெர்மனி இதற்காகக் களத்திலேயே ஆளை நிறுத்துகிறது. பயிற்சி பெற்றவர் குறித்த இடத்தில் 10 நிமிடம் நின்று, 10 விநாடிக்கு ஒருமுறை மூச்சிழுத்து, வாடை உண்டா, எதன் வாடை என்று குறிப்பார். 60 மூச்சில் ஆறில் தெரிந்தாலே அந்த மணி நேரம் 'நாற்ற மணி'யாகக் கணக்காகும். பகுதியைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் நான்கு மூலைகளிலுமாக ஆண்டில் 104 தடவை, பகல் இரவு பாராமல், ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். குடியிருப்புப் பகுதியில் இத்தகைய மணிகள் ஆண்டின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய காற்றுத் தூய்மை விதி. செலவு பிடிக்கும் முறைதான். விரிவாக்க அனுமதி கேட்கும் ஆலையே அதை ஏற்க வேண்டும் என்பேன். ஓராண்டுப் பதிவு கையிலிருந்தால், ஒருநாள் வந்துபோகும் அதிகாரி "இப்போது ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லிக் கோப்பை மூட முடியாது.