கண்ணில் நிறைந்ததே கோட்டில் வரும்

திரை விலகித் தீபாராதனை நடைபெறும் சில கணங்களில், கருவறையின் இருள் நீங்கி இறைவனின் திருமேனி ஒளிர்கிறது. திருமுடி, திருமுகம், அபய ஹஸ்தம், திருவடி எனக் கண்கள் விரைந்து தரிசிக்கின்றன. தீபம் இறங்கியதும் மீண்டும் அரையிருள். பெரும்பாலான ஆலயங்களில் மூலவரைப் படம் பிடிக்க அனுமதியில்லை. கண்ட கோலத்தை இல்லத்துக்குக் கொண்டுசெல்ல மனமும் கையுமே துணை.

அந்தத் துணையைக் கொண்டு அரும்பணி ஆற்றியவர் ஓவியர் சில்பி. 1919-இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசனுக்குச் 'சில்பி' என்ற பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி. ஆலயந்தோறும் நேரில் சென்று அவர் வரைந்த தெய்வத் திருவுருவங்கள், 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் ஆனந்த விகடனில் வெளிவந்தன. பேனாவும் மையும் கொண்டு வரைவது கடினமான கலை. நிழலைக்கூட நெருக்கமான மெல்லிய கோடுகளாலேயே காட்ட வேண்டும். ஒரு துளி மை சிந்தினாலும் பல நாள் உழைப்பு வீணாகக்கூடும்.

இன்று அதே கலையை டேப்லெட்டின் கண்ணாடித் திரையில், டிஜிட்டல் பேனாவால் பயில முடிகிறது. பேனாவை மெல்ல வைத்தால் நூலிழைக் கோடு. அழுத்தினால் தடித்த கோடு. மை சிந்துவதில்லை. தவறிய கோட்டை ஒரு தொடுதலில் நீக்கிவிடலாம்.

இதனால் பெரிதும் பயன்பெறக்கூடியவர்கள் முதியோர். பார்வை மங்கியது, விரல் நடுங்குகிறது என்று இளமையில் பயின்ற ஓவியத்தைக் கைவிட்டவர்கள் பலர். திரையில் இரு விரல்களை விரித்தால் அம்பிகையின் மூக்குத்தி உள்ளங்கை அளவு பெரிதாகிறது. கைநடுக்கம் கோட்டில் தெரியாதவாறு சீராக்கும் வசதியும் பல செயலிகளில் உண்டு; 'ஸ்டெபிலைசேஷன்' என்று அதற்குப் பெயர். பேரனோ பேத்தியோ ஒருமுறை அமைத்துக் கொடுத்தால் போதும்.

'லேயர்' எனப்படும் அடுக்குகள் மற்றொரு வசதி. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றவை அவை. முதல் அடுக்கில் சிற்ப நூல்கள் கூறும் தால அளவைக் குறிக்கலாம். ஒரு தாலம் 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது உருவத்துக்கேற்ப வகுத்துக்கொள்ளும் அளவு. மும்மூர்த்திகளுக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலம். தேவியருக்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தசதாலம். இரண்டாம் அடுக்கில் பென்சில் கோடுகளால் உருவத்தை அமைத்து, மூன்றாவதில் மைக்கோடுகளை இடலாம். பணி முடிந்தபின் கீழுள்ள இரண்டையும் மறைத்துவிட்டால், மைச்சித்திரம் மட்டும் துலங்கும்.

ஆயினும், கருவி செய்ய முடியாதது ஒன்று உண்டு. புகைப்படத்தை அடியில் வைத்து அதன்மேல் கோடிழுத்தால் உருவம் வந்துவிடும். ஆனால் கை நகருமேயன்றிக் கண் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அழிக்கும் வசதி இருப்பதாலேயே, பார்க்காமல் வரையும் பழக்கமும் எளிதில் வந்துவிடும். ஓவியர் பேனாவைத் தாளில் வைக்குமுன் உருவை முழுமையாக மனத்தில் கொண்டார். அழிக்க வழியில்லாத மை அவரை அதற்குப் பழக்கியது. சிற்பியும் தியான சுலோகத்தைச் சிந்தித்து, மனத்தில் உருவம் தெளிந்த பின்னரே உளியை எடுப்பது மரபு.

தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமரா பொருந்திய டேப்லெட்டையும் இல்லத்திலேயே வைத்துச் செல்வதுதான் முறை. வரைபவருக்கு இது குறையன்று. இந்த வாரம் அபய ஹஸ்தத்தின் விரல்கள், அடுத்த வாரம் திருவடிச் சிலம்பு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் நிறைத்து வந்து, இல்லத்தில் அமர்ந்து வரையலாம். ஐயம் எழும் இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டு, மீண்டும் சந்நிதிக்குச் செல்லலாம்.

சித்திரம் நிறைவுறச் சில மாதங்கள் ஆகக்கூடும். அதற்குள் எத்தனையோ முறை அந்தத் திருமேனியை ஊன்றி நோக்கும் பேறு வாய்த்திருக்கும். அதுவே அந்தச் சித்திரத்தின் பெரும் பயன்.